நாலாம் பத்தில் இடம்பிடித்தவள்

அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். அது ஒரு பூவின் பெயர், எந்த மதத்துப் பெண்ணுக்கும் வைக்கக்கூடியது என்பதுவரை சொல்லலாம். அதற்கு மேல் என் கையால் அவளுக்கு விளம்பரம் கிடையாது. அவள் பெயரை மட்டும் விட்டால் அதுவே அவளுக்குத் தனி மரியாதையாகிவிடும் என்பதால் இதில் வேறு யார் பெயரும் வராது, என் பெயர் உட்பட.

தொண்ணூறுகளின் நடுவில் வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் ஏழரை மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ படிக்கிற ஐந்து பேரின் கதை. ஐந்து பேரில் நான்கு பேர் மனிதர்கள். ஐந்தாவது அவள். இரட்டைச் சடை, பெரிய கண், கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. தோழியின் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டைக் கிணற்றில் போட்டாள். அந்தத் தோழியைப் பற்றித் தலைமை ஆசிரியருக்கு மொட்டைக் கடிதாசி எழுதினாள். நாடகப் போட்டியில் முதல் வேஷம் வேண்டும் என்பதற்காக, நன்றாக உயிரோடு இருந்த அப்பாவைச் செத்துப்போய்விட்டார் என்று டீச்சரிடம் சொன்னாள். ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு மூன்று நிமிஷம் அழுவாள். பின்னால் வயலின் வாசிப்பார்கள். அந்த வயலினைக் கேட்டதும் கொரட்டூர் ஏரிக்கரை முழுக்க "பாவம் அந்தப் பொண்ணு" என்று உருகும்.

நான் உருகவில்லை. எனக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கியிருந்தேன். நான் சுவரில் முட்டிக்கொண்டு அழுதபோது வயலின் வரவில்லை. "செவுத்துல எண்ணெய்க் கறை படியுது, தள்ளி நில்லு" என்றுதான் அம்மா சொன்னாள்.

எங்கள் வீட்டில் மூன்றே பேர். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டினார். சாயங்காலம் ஐந்தரைக்கு சைக்கிளில் வந்து சேருவார். ஆறே முக்காலுக்கு ஜெபமாலை. ஜெபமாலையில் ஐந்து பத்துகள் உண்டு. ஒவ்வொரு பத்து மணி உருட்டுவதற்கு முன்னாலும், இது இன்னாருக்காக, இந்தக் கருத்துக்காக என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குவது எங்கள் வீட்டு வழக்கம். முதல் பத்து அப்பாவுடையது: கம்பெனியைப் பூட்டாமல் இருக்க வேண்டும். இரண்டாவது என்னுடையது. மூன்றாவது அம்மாவுடையது, அவள் பக்கத்து உறவுக்காரர் எல்லோருக்கும் சேர்த்து. ஐந்தாவது, செத்துப்போய் மோட்சத்துக்குக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்குப் பொதுவாக.

நாலாவதுதான் முக்கியம். நாலாம் பத்தை அம்மா தன் கையில் தனியாக வைத்திருந்தாள். அது ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு மாதிரி. யாருக்காவது ஆபரேஷன், யாருக்காவது நாள் தள்ளிப்போன பிரசவம், யாராவது தொலைத்த தங்கச் சங்கிலி, இதெல்லாம்தான் அங்கே போகும். அந்தப் பத்துக்கு அம்மாவின் குரலே மாறும். கண்ணை இறுக மூடிக்கொள்வாள். மற்ற பத்துகளில் நடுவே எழுந்துபோய்க் குழம்பைக் கிளறிவிட்டு வருவாள். நாலாம் பத்தில் குழம்பு தீய்ந்தாலும் எழுந்திருக்கமாட்டாள். அங்கே போன கேஸ் பிழைக்காமல் போனதில்லை என்று சொந்தத்தில் பேச்சு. திருநின்றவூரிலிருந்தெல்லாம் சொல்லி அனுப்புவார்கள்.

எனக்கு அங்கே ஒரு தடவை இடம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் என் ஆசை. கணக்குத் தேர்வுக்காக ஒரே ஒரு நாள் நாலாம் பத்து. கேட்டும் பார்த்தேன்.

"உனக்கு இன்னாடி கேடு? கை கால் நல்லாத்தானே கீது. ஒக்காந்து படி" என்றாள் அம்மா. "ஒனக்குத்தான் ரெண்டாம் பத்து இருக்குதே, அதுல நீயே கேட்டுக்கோ."

இப்படி என்னை வாசலோடு திருப்பி அனுப்பிய அதே மாதத்தில்தான் அவளை உள்ளே சேர்த்தாள். ஆமாம், அந்தத் தொடர்க்காரியை. மொட்டைக் கடிதாசி எழுதியவள் அவள்தான் என்று பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்து, டி.சி. கொடுத்து அனுப்பப் பார்க்கிறார்கள் என்கிற வாரம். அன்று தொடர் முடிந்து எழுந்தபோதே அம்மாவின் முகம் சரியாக இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, நாலாம் பத்து வந்தது. கண்ணை மூடினாள். அந்தப் பூவின் பெயரைச் சொன்னாள். "அந்தப் புள்ளைக்கு நல்ல புத்தியும் நல்ல வழியும் குடுக்கணும்னு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஜெபமாலை மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வீட்டில் சமாதானம் முக்கியம்.

"அம்மா, அவ நடிக்கிறாம்மா" என்றேன் ஜெபம் முடிந்ததும்.

"நடிக்கிற பொண்ணுக்கு இல்லடி. அவ நல்லா சம்பாதிக்கிறா, அவளுக்கு என்னா. இந்தப் பொண்ணுக்குத்தான்" என்றாள் அம்மா, அணைத்து வைத்திருந்த டி.வி.யைக் காட்டி.

 அடுத்த வியாழக்கிழமை தலைமை ஆசிரியர் மனம் இளகி டி.சி.யைக் கிழித்துப் போட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கும் எரிகிறது.

அதற்குப் பிறகு அவள் நாலாம் பத்தில் குடியேறிவிட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. என் இரண்டாம் பத்தில், வெளியே "உலக சமாதானத்துக்காக" என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் அவள் ஒழிய வேண்டும் என்று வேண்டினேன். ஐந்து பேர் கதை நான்கு பேர் கதையாகட்டும் என்றுதான் கேட்டேன். மணிக்கு மணி உருக்கமாகக் கேட்டேன். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, அதே தோழியின் மொபெட்டைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போய் லாரியில் மோதினாள். ஆஸ்பத்திரி, மூக்கில் குழாய், கண் மூடியபடி. வயலின்.

அம்மா டி.வி.யைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "உலக சமாதானமாடி கேட்டே?" என்றாள்.

அன்று எங்கள் கூடத்தில் பக்கத்து வீட்டுக்கார அம்மாவும் இருந்தார். ஏரிப் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம் அவர்களுடையது. நாங்கள் குடியிருந்த மனையே ஒரு காலத்தில் அவர்களுடைய வயல்தான். இப்போது மூன்று எருமையும் மூன்று மகன்களும் மிச்சம். மகன்கள் டி.வி.யில் கிரிக்கெட்டை விட்டு நகரமாட்டார்கள் என்பதால், வியாழக்கிழமை பால் சொம்போடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

"யக்கா, இந்தப் பொண்ணு மட்டும் பொழச்சி எய்ந்துச்சின்னு வெச்சிக்கோ, ஆடி மாசம் எங்க அம்மனுக்கு ஒரு அண்டா கூழு ஊத்தறேன்னு வேண்டிகினு கீறேன்" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இதைக் கேட்டதும் அம்மாவுக்குத் தன் பக்கம் குறைவாகப்பட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை கோயிலுக்குப் போய் ஞாயிறு பூசைக்குக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். கோயில் அலுவலகத்தில் உபதேசியார் கேட்டிருக்கிறார், யாருக்காக என்று. பெயரைச் சொல்லியிருக்கிறாள். என்ன கேடு என்று கேட்டிருக்கிறார். வண்டியில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கிறது என்றிருக்கிறாள். எல்லாம் உண்மைதான். எந்த வீடு என்று கேட்டிருக்கிறார். அங்கேதான் தடுமாறி எங்கள் கோயில் குடும்ப அட்டை எண்ணைச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், வந்து பத்து நாள்கூட ஆகாத புது உதவிப் பங்குச் சாமியார், பீடத்தில் நின்றுகொண்டு, எங்கள் தெருவின் பெயரைச் சொல்லி, விபத்தில் அடிபட்டிருக்கும் அன்பு மகள் என்று அவள் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தார். முந்நூறு பேர் சேர்ந்து எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உதட்டை அழுத்தி மூடியதில் காதுக்குக் கீழே சுளீர் என்று வலித்தது. கோபத்தில் வலிக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் எழுந்தால் முகம் பூசணிக்காய். பொன்னுக்கு வீங்கி. திருப்புதல் தேர்வுக்கு எட்டு நாள். எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல் வேறு. கூடத்தில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். அம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து இரண்டு கன்னத்திலும் பற்றுப் போட்டாள். அது காய்ந்து ரத்தச் சிவப்பாக வெடித்தது. இவ்வளவும் செய்தவள் அன்று சாயங்காலம் நாலாம் பத்தில் யார் பெயரைச் சொல்வாள் என்று படுத்தபடி காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தேன். இந்தத் தடவையாவது எனக்குத்தான் என்று நிச்சயமாக நம்பினேன்.

பூவின் பெயரைத்தான் சொன்னாள்.

"எனக்குந்தான் ஒடம்பு சரியில்ல" என்றேன், வீங்கிய வாயால் முடிந்த அளவுக்கு.

"பொன்னுக்கு வீங்கிக்கெல்லாமா ஜெபம் சொல்லுவாங்க? சங்கிலி போட்டிருக்குல்ல, எறங்கிடும்" என்றாள்.

செவ்வாய், புதன் எல்லாம் அப்படியே போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் நின்றது. வெள்ளை அங்கியில் புதுச் சாமியார் இறங்கினார். கையில் ஒரு சின்னத் தோல் பை. அது என்ன பை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். உயிருக்குப் போராடுகிறவர்களுக்கு நோயில் பூசுகிற எண்ணெய். அந்தப் பை ஒரு வீட்டுக்குள் போனால் தெருவில் பேச்சைக் குறைத்துவிடுவார்கள். அப்பா சட்டையை மறுபடியும் மாட்டினார், பொத்தானை மாற்றி மாற்றி.

சாமியார் நாகர்கோவில் பக்கத்துக்காரர். சின்ன வயது. முகத்தில் உண்மையான கவலை. "ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்களா? உபதேசியார்ட்ட கேட்டு வழி கண்டுபிடிச்சு வாரேன். எங்க அந்தப் பிள்ள?" என்றார்.

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கட்டிலைப் பார்த்துவிட்டார். ரத்தச் சிவப்பில் வெடித்த இரண்டு கன்னம், வீங்கிச் சின்னதாகிவிட்ட கண்.

"ஐயோ மக்ளே, முகத்துலயா அடி!" என்றார்.

ஒரு வார்த்தை போதும். இது எங்கள் மகள், இதற்குப் பொன்னுக்கு வீங்கி, நீங்கள் தேடி வந்தது டி.வி. பெட்டியில் இருக்கிறது என்று. அம்மாவால் அதைச் சொல்ல முடியவில்லை. பீடத்தில் நின்று ஒரு குருவானவரைத் தொலைக்காட்சித் தொடருக்காக ஜெபிக்கவைத்தவள் என்று தெரிந்தால் அப்புறம் கோயில் வாசல் மிதிக்க முடியாது. அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. என் வாழ்நாளில் அம்மா என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அப்பா செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். அது முந்தின நாள் பேப்பர்.

"பேச முடியுமாம்மா? முதல்ல பாவசங்கீர்த்தனம். அம்மா, அப்பா கொஞ்சம் பின்பக்கம் போய் இருங்க" என்றார் சாமியார்.

அவர்கள் போனார்கள். அவர் ஊதா நிறப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, முக்காலியைக் கட்டில் அருகே இழுத்து உட்கார்ந்து, என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "சொல்லு மக்ளே. மனசுல என்ன பாரம் இருந்தாலும் இறக்கி வெச்சிரு."

என் மூளையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. அந்தத் தொடர் ஜூன் மாதத்திலிருந்து ஓடுகிறது. ஒரு வாரம்கூட ஒருவரும் அவளைக் கூண்டில் ஏற்றவில்லை. தலைமை ஆசிரியர் மன்னித்தார், டீச்சர் மன்னித்தார், அந்த அசட்டுத் தோழி நான்கு தடவை மன்னித்தாள். இப்போது என் எதிரே, பாவங்களைக் கேட்பதற்கென்றே படித்து வந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் விடவில்லை. தாடை வலித்தது, பொருட்படுத்தவில்லை. ரெக்கார்டு நோட்டு, கிணறு, மொட்டைக் கடிதாசி, செத்துப்போகாத அப்பா, திருடிய மொபெட். தீபாவளிக்கு முந்தின வாரம் ஆய்வகத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பழியை வாட்ச்மேன் மேல் போட்டது மறந்துபோகப் பார்த்தது. திரும்பப் போய் அதையும் சேர்த்தேன்.

சாமியாரின் புருவம் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. "இவ்வளவும் நீயா செஞ்ச?"

"ஆமாம் ஃபாதர். செஞ்சிட்டு ஒவ்வொரு தடவையும் அழுவேன். அதெல்லாம் நடிப்பு ஃபாதர். நம்பாதீங்க."

 தலையில் அடித்துக்கொண்டு திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து, மெதுவாக, "ஏன் மக்ளே இப்படிச் செஞ்ச?" என்றார்.

அங்கே மாட்டிக்கொண்டேன். தொடரில் அதைச் சொல்லவே இல்லை. அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்று கதை எழுதியவருக்கே தெரியாது. அவளுக்கு ஒரு அப்பா உண்டு, ஒரே ஒரு தடவை கோட்டு போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினார். அம்மா என்று யாரும் தலைகாட்டியதே இல்லை. நானாக ஒரு காரணம் சொல்ல வேண்டும். யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்கம்மாவுக்கு என்னப் புடிக்காது ஃபாதர்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அது அவளுடைய பாவக்கணக்கில் இல்லாத வரி. அழுகை வந்துவிட்டது. சுவரில் முட்டிக்கொள்ளவில்லை, கைக்குட்டை இல்லை. மூக்கு ஒழுகி, பற்றுக் கரைந்து, தலையணை எல்லாம் சிவப்பு.

"பாவம் மக்ளே நீ" என்றார் சாமியார்.

பாருங்கள். அவரும் அதையேதான் சொன்னார். அபராதமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார்.

"மூணுதானா ஃபாதர்? அவ்ளோ தப்புக்கு மூணு பத்தாது" என்றேன் விசும்பிக்கொண்டே.

"போதும். கடவுள் கணக்குப் பாக்க மாட்டாரு" என்றார். கணக்கில் முப்பத்தொன்று வாங்கியவளுக்கு அந்த வரி மட்டும் பிடித்திருந்தது.

அம்மாவையும் அப்பாவையும் உள்ளே கூப்பிட்டு, என் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். பூசும்போது சொன்னது அவள் பெயர். நெற்றி என்னுடையது, பெயர் அவளுடையது, பலன் யாருக்குப் போகும் என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. கேட்கத்தான் முடியவில்லை.

அவர் கிளம்பிவிடுவார் என்று மூவரும் காத்திருந்தோம். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறே முக்கால் ஆச்சே. தினமும் ஜெபமாலை சொல்ற வீடுன்னு உபதேசியார் சொன்னாரு. நானும் சேர்ந்து சொல்லிட்டுப் போறேன்" என்று முழங்காலில் நின்றுவிட்டார்.

முதல் பத்து அப்பா. கம்பெனிக்காக என்று சொல்லப்போய் வாய் குழறி, கம்பெனியைப் பூட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டார். இரண்டாவது நான். உலக சமாதானத்துக்காக. மூன்றாவது பத்தை மரியாதைக்காகச் சாமியாருக்கு விட்டோம்.

நாலாம் பத்து வந்தது. அம்மா கண்ணை மூடினாள். பழக்கம் விடுமா? பூவின் பெயர் வந்தது. சாமியார் தலையை அசைத்துக்கொண்டு, கையை நீட்டி என் தலைமேல் வைத்தார். அவருக்கு என்ன தெரியும், ஒரு தாய் தன் மகளுக்காக வேண்டிக்கொள்கிறாள், அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வராததால் நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மா கண்ணைத் திறந்து, என் தலைமேல் இருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பற்று கரைந்து வழிந்திருந்த முகம்.

அம்மா என் பெயரைச் சொன்னாள். வீட்டில் கூப்பிடுகிற பெயர் இல்லை. சர்டிபிகேட்டிலும் கோயில் பதிவேட்டிலும் மட்டும் இருக்கிற ஞானஸ்நானப் பெயர், முழுசாக. "அவளுக்கு ஒடம்பு நல்லாகணும், கணக்குப் பரீட்சை நல்லா எழுதணும், அவ மனசுல எந்தக் கொறையும் இருக்கக்கூடாது, அதுக்காக" என்றாள். நாலாம் பத்துக் குரலில் சொன்னாள்.

சாமியார் கண்ணைத் திறந்தார். "அது யாரும்மா?"

"அதுவும் என் பொண்ணுதான் ஃபாதர்" என்றாள் அம்மா.

"ஓ, ரெண்டு பிள்ளைங்களா? அந்தப் பிள்ள எங்க?"

பொய்யே சொல்லத் தெரியாத என் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னால் வாழ்நாளைக் கழித்தவர், சட்டென்று சொன்னார்: "டியூஷன் போயிருக்குது ஃபாதர்."

பத்து அருள் நிறைந்த மந்திரத்துக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.  அதை வீக்கத்தால் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு குழப்படியில்தானா எனக்கு இது கிடைக்க வேண்டும் என்று எரிச்சலாகவும் இருந்தது. டியூஷனுக்குப் போயிருப்பவளாகத்தான் நான் நாலாம் பத்துக்குள் போனேன்.

சாமியார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பால் சொம்போடு பக்கத்து வீட்டு அம்மா வந்தார். ஏழு இருபத்தைந்து. தொடருக்கு வந்தவர், தோல் பையைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"சாமி, அந்தப் பொண்ணு பொழச்சிக்குமா சாமி? ஒரு வாரமா எனக்குத் தூக்கமே கெடியாது" என்றார். அவர் எந்தப் பெண்ணைக் கேட்டார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"பயப்படாதீங்க. பிழைச்சாச்சு. எண்ணெய் பூசிட்டேன், கண்ணத் தெறந்து நல்லாப் பேசிட்டா" என்று சிரித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

ஏழரைக்கு டி.வி.யைப் போட்டோம். ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய். விளம்பரம். மறுபடியும் ஆஸ்பத்திரி. கண்ணைத் திறந்தாள். நல்லாப் பேசினாள்.

பக்கத்து வீட்டு அம்மா எழுந்து நின்றுவிட்டார். "யக்கா! இன்னாமே இது! சாமி முன்னாடியே சொல்லிக்கினு போறாரு! உங்க சாமிக்கு எல்லாம் தெரிஞ்சிகீது!" என்று மூச்சு வாங்கினார். அன்றிலிருந்து அந்தச் சாமியார் ஸ்கூட்டரில் போனால் எருமையை ஓரமாகப் பிடித்துக்கொண்டு கும்பிடுவார். ஆடியில் சொன்னபடி ஒரு அண்டா கூழும் ஊற்றினார். அதில் எனக்கும் ஒரு சொம்பு வந்தது.

அம்மா என் பக்கம் திரும்பி, "பாத்தியா, பூசுதல் பலிச்சிருச்சு" என்றாள் கண்ணில் நீரோடு. என் நெற்றியில் எண்ணெய் இன்னும் காயவில்லை. என் எண்ணெய். அதில் அவள் எழுந்து உட்கார்ந்து ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வீக்கம் வடிய இன்னும் ஆறு நாள் ஆயிற்று. கடைசி வாரத்தில் எல்லோரும் வரிசையில் நின்று அவளை மன்னித்ததையும், அந்தத் தோழி தன் மொபெட்டையே அவளுக்குப் பரிசாகக் கொடுத்ததையும் நான் விவரிக்கப்போவதில்லை. டாக்டர் பிரஷரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பொதுத்தேர்வில் கணக்கில் ஐம்பத்தெட்டு வாங்கினேன் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு புதிதாக எழுதிய கோயில் குடும்பப் பதிவேட்டில் எங்கள் குடும்பத்துக்கு நேராக இரண்டு மகள்கள் ஏறியிருந்தார்கள். சாமியார் சொல்லி உபதேசியார் எழுதியது. சாமியார் பெயரைக் கேள்விப்பட்ட வரிசையில், அவள் மூத்தவள், நான் இளையவள். எங்கள் யாருக்கும் அதைத் திருத்தச் சொல்லும் துணிச்சல் வரவில்லை. கோயிலில் கிறிஸ்துமஸ் கேக் வாங்கப் போனால் ஒரு பொட்டலம் சேர்த்துக் கொடுப்பார்கள்.

ஆறேழு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஆவடி. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும், அதற்குப் பெயர் கொடுக்க அம்மாவும் நானும் போனோம். உபதேசியார் பதிவேட்டைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மூத்ததுக்கு முடிக்காம சின்னதுக்கு முடிக்கிறீங்க? அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு அடிபட்டதுல ஏதும் கொறையா?"

"அவ இப்ப இங்க இல்லீங்க" என்றாள் அம்மா. பொய்யில்லை. தொடர் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அவர் பெருமூச்சு விட்டார். "பாவம் அந்தப் பொண்ணு" என்றார்.

வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கல்யாணப் பெண் என்பதையும் பார்க்காமல் அங்கேயே நின்று கத்தினேன். கேட்காமல் வைத்திருந்ததை எல்லாம் கேட்டேன். "பெத்த பொண்ணு நான் வாசல்ல நின்னேன். பொன்னுக்கு வீங்கி மூஞ்சிய வெச்சிக்கினு படுத்திருந்தேன். அப்பகூட எனக்கு ஒரு பத்து சொல்ல உனக்கு மனசு வரல. அவளுக்கு ஏன் சொன்னே? சொல்லு, இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அம்மாவுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்றே முதலில் புரியவில்லை. புரிந்ததும், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு அம்மாவே வரலியேடி, ஒரு வாரங்கூட" என்றாள். "ஒனக்குத்தான் நான் இருந்தேனே."

சொல்லிவிட்டு, ரோட்டைக் கடக்கும்போது, இருபத்திரண்டு வயதுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தொடர் எடுத்தவர்கள் அவளுக்கு அம்மா வேஷத்துக்கு ஒரு ஆளைப் போட்டிருந்தால் போதும். ஒரே ஒரு நாள் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தால், எனக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது.